பதினான்கு முறை

அலுவலகத்தின் சொந்த அரட்டை சர்வரில் லாட்டரி விளம்பரங்கள் குவியவே, வடிகட்டி எழுதும் வேலை பூங்கோதை தலையில் விழுந்தது. அவள் வைத்த விதி ஒன்றுதான்: ஒரே செய்தி மூன்று முறைக்கு மேல் வந்து, யாருமே பதில் போடவில்லையென்றால் அது குப்பை.

பழைய செய்திகள்மேல் ஓட்டிப் பார்த்தாள். லாட்டரிகளுக்கு நடுவே ஒரு செய்தி பதினான்கு முறை சிக்கிக் கிடந்தது: 'இரண்டாம் மாடிப் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. போட்டுத் தரவும். பூங்கோதை.'

எட்டிப் பார்த்த மேலாளர் தினகர் சிரித்தார். "எழுதினவளையே பிடிச்சிருச்சு பாரேன்! பக்காவா வேலை செய்யுது. மொத்தத்தையும் அழிச்சுட்டு இன்னைக்கே ஏத்திடும்மா."

"அது குப்பை இல்ல சார்."

"பதினாலு தடவை போட்டும் ஒருத்தரும் பதில் போடலையே. உன் விதிதானேம்மா?"

பதில் போட வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

பின்வரிசையில் ரெஜினா எழுந்து இவளைப் பார்த்தாள். அவர்கள் வேலை பார்த்த அந்த இரண்டாம் மாடியில் ஒருத்தி கழிப்பறைக்குள் போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூங்கோதை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பாதியில எங்கம்மா?"

"கதவு பிடிக்க. நீங்களே உக்காந்து அமுத்துங்க சார்."

திரையில் அவள் பெயருக்குக் கீழே கேள்வி காத்திருந்தது: குப்பையா, இல்லையா?