சிரட்டையில் கஞ்சித் தண்ணீர்

வராந்தாத் தூணில் கரண்டிக் காம்பால் சரிவாகக் கீறிவிட்டு, பால் வடியட்டுமென்று பைலி காத்து நிற்கிறார். ஆயுசு முழுக்க ரப்பர் பால் வெட்டிய கை, எல்லாம் மறந்தும் அந்தச் சரிவை மறக்கவில்லை. பால் பிடிக்கத் தூணடியில் வைத்த சிரட்டை நிறையாமல் சாப்பாட்டைத் தொடமாட்டார். வீட்டோடு இருந்து அவரைப் பார்த்துக்கொண்ட விமலா, அவர் முகம் திரும்பும் நேரம் சிரட்டையில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிவிடுவாள். ஏஜென்சிக்காரர்கள் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த ஷிஜி, சிரட்டையைக் குப்பையென்று அடுப்பில் போட்டுவிட்டாள். வெயில் முற்றத்தைத் தாண்டிவிட்டது. அவர் வயிற்றில் இன்னும் ஒன்றும் இறங்கவில்லை.

"எனக்கு யாரு சொன்னா, அம்மச்சி?" என்று ஷிஜி முனகுகிறாள். பைலியின் மனைவி அன்னம்மா வேறொரு சிரட்டையில் கஞ்சித் தண்ணீரை ஊற்றித் தூணடியில் வைக்கிறாள். அவர் பார்த்துவிடுகிறார்.

"ஏய், யாரு நீ? என் மரத்துல உனக்கென்ன வேலை? விமலா எங்க?"

அவரோடு வாழ்ந்தே நரைத்த அன்னம்மா ஓரடி தள்ளி நிற்கிறாள்.

"விமலாதான் அனுப்புனா, சேட்டா. நான் புது ஆளு."

அவர் சிரட்டைக்குள் எட்டிப் பார்க்கிறார். முகம் தெளிகிறது. பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன கஞ்சியை உறிஞ்சிக் குடிக்கிறார். பிறகு சற்றுத் தள்ளி இடம் விடுகிறார்.

"உக்காரு. வீட்டுல யாரு இருக்கா உனக்கு?"

"வீட்டுக்காரர் இருக்காரு" என்று சொல்லி, அவர் தாடையில் வழிந்த கஞ்சியைத் துடைக்கிறாள்.