ஊளையிடும் பெட்டி

பொம்மனஹள்ளி வீட்டுச் சமையலறையில் கேஸ் அலாரம் தினமும் சும்மாவே அலறியது. மெக்கானிக் முகேஷ் வந்து குழாயை எல்லாம் சோதித்தார்.

"லீக்கே இல்ல சார். சாராய வாடை பட்டாலும் இது கத்தும்."

மகள் யூனிஸோடு தங்க வந்திருந்த மாமியார் குளோரியாவின் பார்வை மருமகன் ஜெயராஜைச் சுட்டது. குடிகாரர்களுக்காக ஜெபக்கூட்டம் நடத்துகிற புண்ணியவதி அல்லவா?

"குடிய விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே மாப்ள? யூனிஸ், பெட்டியக் கட்டு. நம்ம வீட்டுக்குப் போலாம்."

ஜெயராஜ் அலாரத்தருகே வாயை வைத்து ஊதினான். அது மூச்சு விடவில்லை.

"இது ரிப்பேர்ப்பா," என்று மாமியார் அலாரத்துக்குக் கிட்டே போய்ச் சொன்னதுதான் தாமதம், வீடே அதிர அலறியது.

"கேக்குக்கு ரம்முல ஊறவெச்ச பழம்... ஊறிச்சான்னு ருசி பாத்தேன்," என்று இழுத்தார் குளோரியா.

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே அத்தே," என்றான் ஜெயராஜ், வெகு பவ்யமாக.