காலை நாயும் மாலை நாயும்

வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் பாதிப் படி ஏறிவிட்டது.

அவள் கைக்கு அகப்பட்ட நாயைக் கழுத்துப்பட்டையோடு இழுத்துப் படுக்கையறைக்குள் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். மற்றது கூடத்தில் நின்றது.

ஒரு நாய் என்றால் இருக்கலாம். இரண்டு என்றால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும். மாடியை வாடகைக்கு விடும்போது அவர் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

இரண்டு இருந்தன.

ஒரே ஈற்றில் பிறந்த சிப்பிப்பாறை நாய்கள். அக்காளும் தங்கையும். அதே மணல் நிறம், அதே ஒட்டிய வயிறு, அதே நீள மூஞ்சி. பிரித்து வைத்தால் இரண்டும் சோறு தின்னாது. அவள் என்னதான் செய்வாள்? நாயோடு வரும் தனிப்பெண்ணுக்கு விருதுநகரில் வீடு தேடி மூன்று மாதம் நாயாக அலைந்திருந்தாள்.

எட்டு மாதமாகத் தெருவை ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

காலை நடைக்கு அக்காள். மாலை நடைக்குத் தங்கை. வாசலைத் தாண்டினால் இரண்டுக்கும் பெயர் சிட்டு.

தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு. காலையில் பரம சாது, சுவரோடு ஒட்டிக்கொண்டு போகிறது. பொழுது சாய்ந்தால் என்ன வந்துவிடுகிறதோ, தயிர்க்காரரைக்கூட விடாமல் மேலே ஏறிக் கொஞ்சுகிறது.

குக்கர் விசில் அடித்தால் அக்காள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். தங்கை அந்த நேரம் பார்த்து இரண்டு தட்டையும் காலி செய்துவிடுவாள். அறையில் பூட்டினால் அக்காள் மறுநாள் வரை மூச்சு விட மாட்டாள். தங்கை மூன்றே நிமிடத்தில் வீட்டை ரெண்டாக்கிவிடுவாள்.

அதனால் யாராவது வந்தால் உள்ளே போக வேண்டியது அக்காள்.

கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணாச்சி."

அப்போதுதான் கூடத்தில் நின்றதைப் பார்த்தாள். வால் இரண்டு காலுக்கும் நடுவே போயிருந்தது. இடது முன்காலில், அக்காளுக்கு மட்டும் உள்ள வெள்ளைப் பொட்டு.

ஆளை மாற்றிப் பூட்டிவிட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி" என்றார் சோலையப்பன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை எண்ணியே பழகிய கண். "எதுத்த வீட்டம்மா உன் ஜன்னல்ல ரெண்டு தலை பாத்தேன்னு எங்க வீட்டுல போட்டுக் குடுத்திருக்கு. காலையிலேருந்து என் உயிரை எடுக்கா. ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதேன்."

குனிந்து கையை நீட்டினார்.

"சிட்டு. வா."

அக்காள் பின்னாலேயே நகர்ந்து சோபாவின் மறைவுக்குப் போனாள். உடம்பு முழுக்க நடுங்கியது.

நீட்டிய கை அப்படியே நின்றது.

தொலைந்தோம் என்று நினைத்தாள். கண்டுபிடித்துவிட்டார்.

அவர் முகம்தான் வாடிப்போனது.

"இப்ப சாயங்காலமும் வர மாட்டேங்கா?" என்றார். "காலையில என்னையக் கண்டா நடுங்குவா. பீடி நாத்தம் ஆகலையோன்னு இருவது நாளா காலையில பீடியைத் தொடல தாயி. அப்பவும் மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. சாயங்காலமாவது ஓடியாந்து கையை நக்குவா. இப்ப அதுவும் போச்சு."

முப்பது வருடக் காலைப் பீடியை ஒரு மனிதர் விட்டிருக்கிறார், அவள் சொன்ன பொய்க்காக.

படுக்கையறைக் கதவில் நகம் ஒரு தடவை கீறியது.

இருமினாள்.

அவருக்கு அது காதில் விழவில்லை. "சரி தாயி, ஒண்ணுதான்னு சொல்லிருதேன்" என்று வாசல் பக்கம் திரும்பிவிட்டார். செருப்புக்குள் ஒரு கால் போய்விட்டது.

இன்னொரு காலும் போனால் வீடு தப்பியது.

அவர் முதுகு கூனியிருந்தது. உள்ளே வரும்போது அப்படி இல்லை.

போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

தங்கை நடந்து வரவில்லை, பறந்து வந்தாள். முன்னங்கால் இரண்டும் அவர் தோளில். கண்ணாடி கீழே விழுந்தது. காது, மூக்கு, வழுக்கை, ஒன்றையும் விடாமல் நக்கினாள். "ஏய்! ஏ கழுத!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே சோபா பக்கம் பார்த்தார்.

சிரிப்பு நின்றது.

கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டு இதைப் பார்த்தார். பிறகு அதைப் பார்த்தார்.

"காலையில..."

"அது, அண்ணாச்சி."

"சாயங்காலம்..."

"இது."

இனி அவள் எங்கே போவது, யார் வைத்துக்கொள்வார்கள், ஒன்றைக் கொடுத்துவிடு என்றால் எதைக் கொடுப்பது?

கீழிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க! எத்தனை இருக்கு?"

அவர் படி முனைக்குப் போனார். அவள் தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குழாய் ஒழுகுது!" என்று கீழே பார்த்துக் கத்தினார். "சரி பண்ணிட்டு வாரேன்!"

எந்தக் குழாயும் ஒழுகவில்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். சோபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டார். திரும்பிப் பார்க்காமல், ஒரு கையை மட்டும் பின்னால் விரித்து வைத்தார்.

"இவளுக்கு நெசப் பேரு என்ன தாயி?"

எட்டு மாதமாக வெளியாள் காதில் விழாத பெயர். தாழ் விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

சொன்னாள்.

அவர் சுவரைப் பார்த்தபடியே, ரொம்ப மெதுவாக, அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.