கருமந்திகளைத் திருத்தியவள்

கருமந்திகளின் கத்தலைத் தமிழில் சொல்லும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு மாதமாக மலையேறுகிறேன். நான் போய்ச் சேர்ந்தாலே மந்திகள் அலறும். கருவி “சிறுத்தை வருது” என்னும்.

“என்னைப் பார்த்தா சிறுத்தை மாதிரியா இருக்கு மேடம்?” என்று ஆய்வாளர் ஆக்னஸிடம் எரிச்சலோடு கேட்டேன்.

“புது மெஷின், பெனாசிர். நீதான் அதுக்குச் சொல்லிக்கொடுக்கணும்,” என்று சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் ‘சிறுத்தை’யை அழித்துவிட்டு ‘மாணவி’ என்று திருத்தினேன். அந்தக் காட்டுக்கு மாணவி நான் ஒருத்திதானே. கருவியும் சமர்த்தாகக் கற்றுக்கொண்டது.

இன்று மேடத்துக்குக் காய்ச்சல். நான் மட்டும் பாறையில் உட்கார்ந்து வெகுநேரமாகிவிட்டது. மந்திகள் என்னை மறந்து தழை தின்றுகொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பார்த்து அலறின.

காதில் கருவி தெளிவாகச் சொன்னது: “மாணவி வருது.”