வெளியே வராத புரதம்

“அம்மா, வடிகட்டக் குழாயில ஊத்தின புரதம் வெளியவே வரல! நாளைக்கு நம்ம ஆராய்ச்சியைப் பார்க்க வர்ற குழுகிட்ட எதைக் காட்டுறது?” ஆய்வுக்கூடத்தில் இளைஞன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நரைத்த தலைப் பெண்மணி சிரித்தாள். “பதறாதீங்க. குழாய்க்குள்ள இருக்கிற மணியெல்லாம் எதுல செஞ்சது?”

“ஒரு வகைச் சர்க்கரையில.”

“இந்தப் புரதம் சர்க்கரையைப் பிடிச்சுக்குமான்னுதானே நம்ம ஆராய்ச்சியே? பிடிச்சுக்கிட்டு உள்ளயே உட்கார்ந்திருக்கு!”

அவள் சர்க்கரைக் கரைசலை ஊற்றினாள். மணிகளை விட்டுவிட்டு, கரைசலில் இருந்த சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு புரதம் இறங்கி வந்தது. கணினித் திரையில் புரத அளவைக் காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறியது.

இளைஞன் எழுந்து கைகுலுக்கினான். “நாடுவிட்டு நாடு வந்து, இந்த வயசுல முனைவர் பட்டத்துக்குச் சேரணும்னு நீங்க கேட்டப்போ தயங்கினேன். இப்போ உங்களுக்கு நான்தான் வழிகாட்டின்னு சொல்லிக்கவே பெருமையா இருக்கும்மா!”