அடுத்த இருக்கைக்கு அனுப்பப்பட்டது

ஐந்து பேர் உயிருக்குத் தன் கையாலேயே உலை வைத்துவிட்டோம் என்று யுவராணிக்கு உறைத்தபோது காலை மணி பத்து. அவள் திரையில் ஒரே ஒரு வரி நின்றது: ‘அடுத்த இருக்கைக்கு அனுப்பப்பட்டது.’

தங்கச்சிமடத்தில் விசைப்படகு சங்கத்தின் வயர்லெஸ் அறை அது. திரும்ப வேண்டிய நேரத்தில் படகு வராவிட்டால், எதற்குப் பின் எது என்று கம்ப்யூட்டரே வரிசையாக வேலை கொடுக்கும். அந்த வரிசைக்குப் படம் போட்டவள் யுவராணி.

முதலில் வயர்லெஸ்ஸில் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் வழி இரண்டாகப் பிரியும். பக்கத்துப் படகுகளுக்கும் கடலோரக் காவல்படைக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகும். இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்த பிறகுதான் வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். நல்ல சேதி என்றால் போனில், கெட்ட சேதி என்றால் நேரில்.

போதாததற்குச் செயலாளர் பாக்கர் நச்சரித்துப் போட வைத்த கிளைகள் வேறு. புயல் கொடி ஏறினால் ஒன்று, கடைசி நேரத்தில் ஆள் மாறினால் ஒன்று, இருக்கையில் இருப்பவரின் சொந்தம் படகில் இருந்தால் ஒன்று, கரண்ட் போனால் ஒன்று. எது எதோடு முட்டிக்கொண்டதோ, காணாமல் போன ‘நிலாமதி’ படகின் வேலை அவளை விட்டுத் தாவிவிட்டது. படகில் போனவர்களின் பட்டியலும் அவளுக்குத் திறக்கவில்லை.

அடுத்த இருக்கையில் இருந்தவன் ஜாபர் சாதிக். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“காவல்படைக்குச் சொல்லியாச்சா ஜாபர்? ரெண்டையும் ஒண்ணா அனுப்புனியா?”

அவன் திரும்பவில்லை. பட்டியல் இருந்த திரையைச் சட்டென்று மூடிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு போனில் தணிந்த குரலில் பேசினான். தப்பு யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. யுவராணி அவன் முதுகைப் பார்த்தே புலம்பினாள்.

“படம் போட்டவ நான்தானே. அஞ்சு பேருக்கு ஒண்ணுன்னா நான்ல கொன்ன மாதிரி? இந்நேரம் பாத்து எங்க வீட்டுக்காரரும் நேத்து அவுக அய்யாவப் பாக்கக் கடலாடி போயிட்டாரு. அழுது தீக்கக்கூட ஆளில்ல ஜாபர்.”

ஜாபர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கல்யாணத்தோடு கடலை விட்டு ஆட்டோவுக்கு மாறியவன் அவள் கணவன் காளிராஜ். அவன் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தைரியமாவது சொல்லியிருப்பான்.

கதவு திறந்தது. வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வரும் பாக்கர், இன்று பேசாமல் வந்து ஒரு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

“ரெண்டு பக்கமும் பதில் வந்துருச்சும்மா. போட்டு கவுந்து கெடந்துச்சாம். நாலு பேரத் தூக்கிட்டாங்க.”

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. படத்தில் தப்பில்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. மறுநொடியே அந்த நாலு நெஞ்சில் இடித்தது.

“அஞ்சாவது ஆளு?”

பாக்கர் இல்லை என்று தலையசைத்தார்.

“அப்ப இங்கன உக்காந்து என்னண்ணே பண்றீக? அந்த வீட்டுப் பொம்பள ஒண்ணும் தெரியாம இருப்பாளே. போன்ல சொல்லிராதீக, பாவம். நேர்லதான் சொல்லணும்னு நாமதானே வச்சிருக்கோம். கெளம்புங்கண்ணே!”

பாக்கர் எழுந்திருக்கவில்லை.

“நேர்ல சொல்லத்தான்மா வந்திருக்கேன்.”