அறுநூறு கிலோ

திருப்பத்தூர் ஷெட்டில் நின்ற கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் காரை வேடியப்பன் நூறாவது தடவையாகச் சுற்றிவந்தான். நாளை மதியத்துக்குள் அது ஜவ்வாது மலையில் அவன் ஊரில் நிற்காவிட்டால் எல்லாம் போச்சு.

"இன்னா வெயிட்டுங்க?"

"எல்லாரும் வேகத்தைக் கேப்பாங்க, நீ இன்னாய்யா எடையக் கேக்கற? அறுநூறு கிலோ. பூனைக்குட்டி!" என்றார் மெக்கானிக் தாண்டவராயன்.

"கதவு, சீட்டு, இன்ஜின் எல்லாத்தையும் கழட்டிடுங்க. மேல வந்து மாட்டிக் குடுங்க," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"இன்ஜின் இல்லாம எப்படிய்யா மலையேறும்?"

வேடியப்பன் வெளியே பார்த்துக் கையசைத்தான். மூங்கில் கழிகளோடு நாற்பது பேர் திபுதிபுவென்று நுழைந்தார்கள்.

"தூக்கிக்கினு போறோங்க. ஒரு வண்டிகூட இல்லாத ஊருக்கு ரோடு எதுக்குன்னு கேட்ட ஆபீசரு, நாளைக்குத் திரும்ப வர்றாரு!"